டிஸ்கில் இருப்பது வேறு, ஓடுவது வேறு

2014 ஏப்ரல் 7-ஆம் தேதி ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்தபோது என் பொறுப்பில் ஒன்பது லினக்ஸ் சர்வர்கள் இருந்தன. ஒன்பதிலும் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் வீசி பதிப்பு. அறிவிப்பைப் படித்த கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றிலும் அப்டேட் போட்டேன். ஓட்டை இருந்தது ஓபன்எஸ்எஸ்எல்லில், அதாவது இணைப்புகளை மறையாக்க பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியில். அதன் புதிய பேக்கேஜ் பிழையில்லாமல் ஏறியது. வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். "எல்லா சர்வரிலும் பேட்ச் போட்டாயிற்று" என்று மேலதிகாரிக்கு மெயில் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை நெட்வொர்க் அணியில் இருந்த மூத்தவர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, உங்க மெஷின்ல இன்னும் 1.0.1இ-ன்னுதானே காட்டுது? 1.0.1ஜி-லதானே சரிபண்ணியிருக்காங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. டெபியன் போன்ற விநியோகங்கள் புதிய பதிப்பை அப்படியே கொண்டுவந்து போடுவதில்லை. ஓட்டையை அடைக்கும் அந்தச் சில வரிகளை மட்டும் எடுத்து, தங்களிடம் இருக்கும் பழைய பதிப்பில் தைத்துவிடுவார்கள். பேக்போர்ட் என்பார்கள். முன்பக்க எண் 1.0.1இ என்றேதான் நிற்கும். வால் பகுதியில் டெப்7யு5 என்று இருந்தால் அடைத்தாயிற்று என்று பொருள். இதை அவருக்குத் திரையில் காட்டி விளக்கினேன். என் விளக்கத்தில் தவறே இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

"சரி, புரியுது. எதுக்கும் வெளியில இருந்து ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடலாமா?" என்றார்.

ஹார்ட்பிளீடின் வேலை மிக எளிது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சிறிய செய்தி அனுப்பும், மறுபக்கம் அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியின் நீளம் எவ்வளவு என்பதை அனுப்புபவரே சொல்வார். ஒரு பைட்டை அனுப்பிவிட்டு "இது 64 கிலோபைட்" என்று சொன்னால், பழைய ஓபன்எஸ்எஸ்எல் அதைச் சரிபார்க்காமல் நம்பி, தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையெல்லாம் அள்ளி 64 கிலோபைட் வரை கொடுத்துவிடும். அதைச் சோதிக்கும் சிறிய நிரல் அதற்குள் கைக்குக் கை மாறியிருந்தது. வெப் சர்வரின் 443-ஆம் போர்ட்டில் ஓட்டினார். பதில் இல்லை. நல்லது. அடுத்து மெயில் சர்வரின் 993.

திரை நிரம்பியது. இடப்பக்கம் ஹெக்ஸ் எண்கள், வலப்பக்கம் படிக்கக்கூடிய எழுத்துகள், படிக்க முடியாத இடங்களில் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஓரிடத்தில் "லாகின்" என்ற கட்டளை, அதையடுத்து எங்களோடு வேலை செய்யும் ஒருவரின் மெயில் முகவரி, அதையடுத்து அவருடைய பாஸ்வேர்டு. அவர் எங்களிடமிருந்து நான்கு மேசை தள்ளி உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். மூத்தவர் உடனே அந்தச் சாளரத்தை மூடினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேக்கேஜ் சரியாகத்தான் ஏறியிருந்தது. ஆனால் மெயில் சர்வரின் புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஜனவரியில் தொடங்கி, அதன்பின் ஒருமுறைகூட நிறுத்தப்படவில்லை. லினக்ஸில் ஒரு நிரல் ஒரு லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுவிட்டால், பிறகு டிஸ்கில் அந்தக் கோப்பை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது தெரியாது. பழைய கோப்பின் பெயர் போய்விடும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடைசி புராசஸ் விடும்வரை உள்ளடக்கம் போகாது. ஒவ்வொரு புராசஸும் எந்தெந்தக் கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கிறது என்று புராக் கோப்பகத்தில் மேப்ஸ் என்றொரு பட்டியல் இருக்கும். மெயில் சர்வரின் பட்டியலைத் திறந்தபோது ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் வரி இருந்தது, அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் "டெலிட்டட்" என்றிருந்தது. டிஸ்கில் அழிக்கப்பட்டுவிட்ட, ஓட்டையுள்ள அந்தப் பழைய லைப்ரரியைத்தான் அது இரவு முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தது.

டெபியன் குழுவும் இதைக் கவனித்திருந்தது. முதல் அறிவிப்பு ஏப்ரல் 7-ஆம் தேதி. மறுநாளே அதே எண்ணில் இரண்டாவது அறிவிப்பு விட்டார்கள். அந்தத் திருத்திய பேக்கேஜ் ஏறும்போது எந்தெந்தச் சேவைகள் பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கக்கூடும் என்று பார்த்து, ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்கும். நான் போட்டது முதல் நாளைய பேக்கேஜ், அது எதையும் கேட்கவில்லை.

அந்த நண்பரிடம் போய் நடந்ததைச் சொல்லி பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். பிறகு எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்ல வேண்டி வந்தது. சான்றிதழ்களையும் சாவிகளையும் புதிதாக வாங்கினோம். எல்லாம் சரி. ஆனால் "பேட்ச் போட்டாயிற்று" என்ற என் மெயிலை நம்பி ஒரு அலுவலகம் முழுக்க அந்த இரவு தூங்கியிருக்கிறது. அதை நினைக்கும்போது இன்றும் மனசு சுருங்குகிறது. அதற்குப் பிறகு ஓர் இயங்குதளத்தில் தெரிந்த ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை நான் செய்கிற விதமே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"தெரிந்த ஓட்டை" என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. 1999-க்கு முன் ஒரே ஓட்டைக்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது. ஓட்டை தேடும் ஒரு ஸ்கேனர் சொல்வதும் இன்னொன்று சொல்வதும் ஒன்றுதானா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மைட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு பொதுப் பட்டியல் வேண்டும் என்று கட்டுரை வாசித்தார்கள். செப்டம்பரில் 321 பதிவுகளோடு சிவிஇ என்ற அந்தப் பட்டியல் தொடங்கியது. ஒவ்வோர் ஓட்டைக்கும் ஆண்டும் ஒரு வரிசை எண்ணும், அவ்வளவுதான். ஹார்ட்பிளீட் என்றால் சிவிஇ-2014-0160. வரிசை எண் நான்கு இலக்கம் போதும் என்று முதலில் நினைத்தார்கள். 2014-லிருந்து அதற்கு மேலும் போகலாம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. 2024-இல் மட்டும் சுமார் 40,000 பதிவுகள் வந்தன.

ஸ்கேனர் செய்வது என்ன? உங்கள் மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கிறது. எந்தெந்தப் பதிப்பில் என்ன ஓட்டை என்ற இன்னொரு பட்டியலை வைத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒப்பிடுகிறது. இந்த எளிமைதான் அதன் பலம். பட்டியலில் இருப்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது என்பது அதன் எல்லை. எந்த ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அந்த இரண்டு பட்டியலும் எங்கிருந்து வந்தன என்பதைத்தான்.

மெஷினின் பட்டியலை வெளியிலிருந்தும் எடுக்கலாம், உள்ளே போயும் எடுக்கலாம். ஓபன்வாஸ், நெசஸ் போன்ற ஸ்கேனர்கள் இரண்டையும் செய்யும். உள்ளே போக பாஸ்வேர்டோ சாவியோ கொடுக்காமல் விட்டால், கதவைத் தட்டி உள்ளிருந்து வரும் குரலை வைத்து ஆளை ஊகிப்பதுபோல் ஆகிவிடும். 2024 ஜூலையில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் ரெக்ரெஷன் என்ற ஓட்டை வெளிவந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் எஸ்எஸ்ஹெச் சர்வர் வெளியே சொல்லும் பெயர் வெறும் "ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.7". பேட்ச் போடுவதற்கு முன்பும் அதுதான், போட்ட பின்பும் அதுதான். வெளியே நின்று கேட்கும் ஸ்கேனர் எப்படி வேறுபடுத்தும்? உபுண்டு தன் திருத்த எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவதால் அங்கே தப்பிக்கலாம்.

அதனால் உள்ளே போய்ப் பார்ப்பதுதான் முறை. அப்போதும் இரண்டாவது பட்டியல் சரியானதாக இருக்க வேண்டும். பொதுவான பட்டியலை எடுத்து டெபியன் மெஷினில் ஒப்பிட்டால், நான் சொன்ன பேக்போர்ட் காரணமாக அடைத்துவிட்ட ஓட்டைகளெல்லாம் திறந்திருப்பதாக வரும். டெபியன், உபுண்டு, ரெட்ஹேட், சூசே ஒவ்வொன்றும் தங்கள் பேக்கேஜ்களில் எந்த எண்ணில் எது சரிசெய்யப்பட்டது என்று தனித்தனியாக வெளியிடுகின்றன. டெப்செக்கன் என்ற கருவி டெபியனின் சொந்தத் தரவைப் படிக்கிறது. ஓபன்ஸ்கேப் என்ற கருவிக்கு ரெட்ஹேட் தரும் தரவைக் கொடுக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் நிறுவிய மென்பொருள்களைச் சோதிக்கத் தனிக் கருவியே வேண்டாம், பேக்கேஜ் கட்டளையிலேயே ஆடிட் என்ற துணைக்கட்டளை இருக்கிறது. விண்டோஸில் மாதாந்திர அப்டேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு வருவதால் பில்டு எண்ணைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் நடத்தும் தேசிய ஓட்டைத் தரவுத்தளம் ஒவ்வொரு சிவிஇ பதிவுக்கும் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்ற விவரத்தைச் சேர்த்துவந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து அந்த வேலை தேங்கிப்போய் ஆயிரக்கணக்கான பதிவுகள் விவரமில்லாமல் நின்றன. அந்த ஒரு தளத்தை மட்டும் நம்பிய ஸ்கேனர்களுக்குப் புதிய ஓட்டைகள் கண்ணில் படவே இல்லை, அறிக்கை சுத்தமாக வந்தது. 2025 ஏப்ரலில் சிவிஇ பட்டியலுக்கான ஒப்பந்தமே முடியும் நிலைக்குப் போய், கடைசி நேரத்தில் நீட்டித்தார்கள். உலகம் முழுக்க நம்பியிருக்கும் ஒரு பட்டியல் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது எனக்கு உண்மையான கவலை.

சரி, பட்டியல்கள் சரியாக இருக்கின்றன, அறிக்கை வந்துவிட்டது. 412 ஓட்டைகள் என்று போட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கூட்டத்தில் காட்டி, அடுத்த மாதம் 380, அதற்கடுத்த மாதம் 350 என்று வரைபடம் போடும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். எண்ணைக் குறைப்பது குறிக்கோளாகிவிட்டால் சுலபமானவைதான் முதலில் அடைபடும். ஆபத்தானது அங்கேயே கிடக்கும்.

2024 பிப்ரவரியிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை உருவாக்கும் குழுவே தன் ஓட்டைகளுக்கு சிவிஇ எண் கொடுக்கத் தொடங்கியது. பாதுகாப்பைத் தொடக்கூடிய எந்தத் திருத்தமானாலும் எண் கொடுத்துவிடுகிறார்கள், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவற்றில் பல, உங்கள் மெஷினில் ஏற்றப்படவே இல்லாத ஏதோவொரு டிரைவரில் இருக்கும். எந்த மாட்யூல் (டிரைவர் போன்ற துண்டு) ஏறியிருக்கிறது என்று கர்னலிடமே கேட்கலாம். ஆனால் ஸ்கேனர் பெரும்பாலும் கேட்பதில்லை, கர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். தீவிரத்துக்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் என்று சிவப்பில் இருக்கும். அந்த மதிப்பெண் ஓட்டையின் இயல்பைச் சொல்கிறது, உங்கள் மெஷினைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

நான் முதலில் தேடுவது அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சீசா 2021 நவம்பரிலிருந்து வெளியிடும் பட்டியலை. உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டது என்று உறுதியான ஓட்டைகள் மட்டும் அதில் இருக்கும். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான். 412-இல் இரண்டு அந்தப் பட்டியலில் இருந்தால் அன்றைய வேலை அந்த இரண்டுதான். அப்புறம் நெட்வொர்க்கில் காது வைத்துக் காத்திருக்கும் சேவைகள். மற்றவை வழக்கமான அப்டேட்டோடு போகட்டும். வழக்கமான அப்டேட் என்று சொல்வதால் தள்ளிப்போடலாம் என்று அர்த்தமில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாகிரை பரவியது 2017 மே 12-ஆம் தேதி, அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது மார்ச் 14-ஆம் தேதி. நடுவில் 59 நாள் இருந்தது. அது தெரிந்த ஓட்டை, அடைக்க வழியும் இருந்தது. அப்படியிருந்தும் மருத்துவமனைகளில் திரைகள் பூட்டிக்கொண்டன.

அதே ஆண்டு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் நடந்தது எனக்கு வேறு விதத்தில் உறைத்தது. ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டை மார்ச் 7-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அவர்கள் அலட்சியமாக இருந்துவிடவில்லை. உள்ளே சுற்றறிக்கை போனது, ஒரு வாரத்தில் ஸ்கேனும் ஓட்டினார்கள். ஸ்கேன் எதையும் காட்டவில்லை. ஓட்டையுள்ள ஸ்ட்ரட்ஸ் அங்கேதான் இருந்தது. மே மாதத்திலிருந்து ஜூலை கடைசி வரை சுமார் 14.7 கோடி பேரின் விவரம் அந்த வழியாகப் போனது. பேக்கேஜ் மேலாளர் வழியாக வராத மென்பொருள் எப்போதும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. யாரோ ஒருவர் என்றைக்கோ கையால் தொகுத்து ஒரு மூலையில் வைத்தது, நிறுவனம் கொடுத்த ஜிப் கோப்பிலிருந்து பிரித்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் லாக்4ஷெல் ஓட்டை வந்தபோது அதை நேரடியாகவே பார்த்தோம். லாக்4ஜே ஒரு ஜார் கோப்புக்குள் (ஜாவா நிரல் பொதி) இருந்த இன்னொரு ஜார் கோப்புக்குள் இருந்தது, பேக்கேஜ் பட்டியலில் அதன் பெயரே இல்லை. ஒவ்வொரு ஜாரையும் பிரித்து, ஜேஎன்டிஐ லுக்கப் என்ற கிளாஸ் கோப்பு இருக்கிறதா என்று தேடித்தான் கண்டுபிடித்தோம். ஒரு வாரம் பிடித்தது.

அதனால் இப்போது ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்கிறேன். எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்குப் பின்னும் எந்த புராசஸ், அந்த புராசஸின் கோப்பு எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று வரிசையாகக் கேட்பேன். "எந்த பேக்கேஜையும் சேர்ந்ததில்லை" என்று பதில் வரும் ஒவ்வொன்றையும் தனியாக எழுதிவைத்துக்கொள்வேன். ஸ்கேனருக்குத் தெரியாதவை அவைதான்.

ஸ்கேனும் பேட்சும் முடிந்த பிறகு மறுபடியும் நினைவகத்துக்கு வருவேன். 2014-இல் மேப்ஸ் பட்டியலைக் கையால் துழாவினேன். இப்போது நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எல்லா புராசஸையும் பார்த்து, பழைய லைப்ரரியைப் பிடித்திருப்பவற்றைப் பெயரோடு சொல்லிவிடுகிறது. கர்னலுக்கும் இதே கதைதான். புதிய கர்னல் டிஸ்கில் ஏறியிருக்கும். ரீபூட் செய்யாதவரை ஓடுவது பழையதுதான். பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் "சரி" என்று டிக் போட்டுவிடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். லைவ்பேட்ச் வசதி உள்ள மெஷினில் ஓடும் கர்னலிலேயே திருத்தம் தைக்கப்பட்டுவிடும், ஆனால் யூநேம் கட்டளை பழைய எண்ணையே சொல்லும். ஸ்கேனர் அலறும், மெஷின் பத்திரமாக இருக்கும். இரண்டு பக்கமும் எண்ணை நம்பி ஏமாறலாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் லினக்ஸில் இருக்கிறது. சிஸ் கோப்பகத்தில் டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று இறங்கினால் வல்னரபிலிட்டிஸ் என்றொரு கோப்பகம் வரும். 2018 ஜனவரியில் சிப்புகளின் ஓட்டைகளான மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் வெளிவந்த பிறகு சேர்த்தது. ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு சிறிய கோப்பு. திறந்தால் ஒரே வரி. இந்தச் சிப்புக்குப் பாதிப்பில்லை, அல்லது தடுப்பு போட்டிருக்கிறேன், அல்லது திறந்திருக்கிறது. அறிவிப்பையோ பேக்கேஜ் பட்டியலையோ பார்த்து எழுதியது இல்லை அது. அந்த நொடியில் அந்தச் சிப்பின்மீது ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் தன்னைப் பற்றித் தானே சொல்வது. ஒருமுறை எம்டிஎஸ் என்ற சிப் ஓட்டைக்கான கோப்பில் இப்படி ஒரு வரியைப் பார்த்தேன்: திறந்திருக்கிறது, சிபியு பஃபர்களைத் துடைக்க முயற்சி நடக்கிறது, மைக்ரோகோட் இல்லை. கர்னலைப் புதுப்பித்திருந்தோம், சிப்பின் உள் நிரலான மைக்ரோகோடைப் போட மறந்திருந்தோம். ஒற்றை வரியில் எது ஆயிற்று, எது ஆகவில்லை என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லியிருந்தது. இயங்குதளத்தின் ஒவ்வொரு பகுதியும் இப்படிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போன மாதம் ஒரு நண்பர் தன் சர்வரைப் பார்க்கச் சொன்னார். ஸ்கேன் அறிக்கையை முதலிலேயே அனுப்பியிருந்தார், கண்டறிந்த ஓட்டைகள் பூச்சியம். ஆறு மாதமாகவே பூச்சியம்தான் என்று சந்தோஷமாகச் சொன்னார். உள்ளே போய் எந்தப் பதிப்பு என்று பார்த்தேன். சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் விநியோகத்தின் 7-ஆம் பதிப்பு. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பதிப்புக்கென்று சென்ட்ஓஎஸ் குழு எந்த அறிவிப்பும் வெளியிடவில்லை. ஒப்பிடப் புதிய பட்டியல் இல்லை, அதனால் ஒப்பீட்டில் ஒன்றும் வரவில்லை. அறிக்கையின் தலைப்பகுதியில் சிறிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது, இந்தப் பதிப்புக்கு ஆதரவு இல்லை, முடிவுகள் முழுமையாக இருக்காது என்று. பூச்சியத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அவர் அதைப் படிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆதரவு இருக்கும் பதிப்புக்கு அந்தச் சர்வரை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். ஒரு வார இறுதி முழுக்கப் பிடித்தது. புதிய சர்வரில் முதல் ஸ்கேன் ஓட்டியபோது 37 என்று வந்தது. "என்னப்பா, கூடிப்போச்சு?" என்றார். இரண்டு நாற்காலியை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.